முட்டுக்கட்டை

காஞ்சிபுரத்துக்குப் போகிறவர்களைச் சுலபமாகப் பிரித்துவிடலாம். சிலர் பட்டுக்காகப் போகிறார்கள். சிலர் பெருமாளுக்காகப் போகிறார்கள். இரண்டுக்கும் சேர்த்துப் போகிறவர்கள் கல்யாண வீட்டுக்காரர்கள். சென்னையிலிருந்து புறப்படும் இவர்களில் பெரும்பாலோர் கவனிக்காமலே கடந்துவிடுகிற ஓர் இடம் வழியில் இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூருக்குச் சற்று முன்னால் வரும் இருங்காட்டுக்கோட்டைதான் அது. அங்கே ஒரு சாலை உண்டு. அந்தச் சாலை எந்த ஊருக்கும் போகாது. வளைந்து நெளிந்து புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும். நீளம் 3.7 கிலோமீட்டர். கார்களும் மோட்டார் சைக்கிள்களும் பந்தயம் ஓடுவதற்கென்றே போட்ட பாதை.

இந்தப் பாதைக்கு ஒரு பூர்வோத்தரம் இருக்கிறது. சென்னைக்கு வடக்கே, கல்கத்தா சாலையில், சோழவரம் என்ற ஊரில் இரண்டாம் உலக யுத்தத்தின்போது ஒரு விமான ஓடுதளம் போட்டார்கள். யுத்தம் முடிந்தது, விமானங்கள் போய்விட்டன. காலியாகக் கிடந்த ஓடுதளத்தைப் பார்த்து வேகப் பித்துப் பிடித்த சிலருக்கு ஆசை வந்தது. 1953-இல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் தோன்றியது. பிறகு பல ஆண்டுகள் சோழவரம் பந்தயம் என்றால் சென்னை முழுவதும் அதே பேச்சு. கடைசியில் கிளப் தனக்கென்று நிலம் தேடி இருங்காட்டுக்கோட்டையில் பாதை போட்டது. 1990-இல் அங்கே பந்தயம் ஆரம்பமாயிற்று.

சோழவரத்தில் ஓடிய வண்டிகள் எல்லாம் சீமையிலிருந்து வந்த சிறுத்தைகள் அல்ல. நம் வீட்டு வாசலில் நின்ற அதே ஃபியட், அதே ஹெரால்டு. பின்னாளில் பெங்களூரில் செய்த சிப்பானி டால்ஃபின். இவற்றை வேகமாக ஓட வைப்பதுதான் மெக்கானிக்குகளின் சாமர்த்தியம். சிலிண்டர் தலையை இழைத்து அழுத்தத்தைக் கூட்டுவார்கள். கார்புரேட்டரின் துளையை மாற்றிப் பார்ப்பார்கள். பற்றவைக்கும் நேரத்தைக் கொஞ்சம் முன்னே தள்ளுவார்கள். பிறகு காதைத் தீட்டிக்கொண்டு எஞ்சினின் குரலைக் கேட்பார்கள். கணக்குத் தப்பினால் பிஸ்டனில் ஓட்டை விழும். அந்த ஓட்டையைப் பிரித்துப் பார்க்கிறவரும், முந்தின நாள் டியூன் செய்தவரும் ஒரே ஆள்தான். அதனால் கையில் ஓர் அளவு இருந்தது.

இப்போது அந்த வேலையின் உருவமே மாறிவிட்டது. காஞ்சிபுரத்து இளைஞர் ஒருவர் டர்போ பொருத்திய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அதன் எஞ்சினை ஆளுவது ஒரு சிறிய கம்ப்யூட்டர். எவ்வளவு காற்று, எவ்வளவு பெட்ரோல், எப்போது பொறி என்ற கணக்கெல்லாம் அதற்குள்ளே அட்டவணையாக இருக்கிறது. மடிக்கணினியோடு வருகிற டியூனர் அந்த அட்டவணையைத் திருத்தினால் ஒரு மணி நேரத்தில் கார் வேறு காராகிவிடும். ‘ஸ்டேஜ் ஒன்று’ என்றால் அட்டவணையை மட்டும் திருத்துவது. ‘இரண்டு’ என்றால் புகைக் குழாய், காற்று வழி, காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் ஆகியவற்றையும் மாற்றுவது. ‘மூன்று’ என்றால் டர்போவையே பெரிதாக்குவது. ஒன்றைவிட இரண்டு பெரிது, இரண்டைவிட மூன்று பெரிது என்று நம் பிள்ளைகள் ஒன்றாம் வகுப்பிலேயே படித்துவிடுகிறார்கள். ஆகவே பையன் மூன்றைக் கேட்கிறான். எதை எடுத்துக்கொள்வது என்பதற்கு இந்த யந்திரத்தின் சரித்திரமே ஓரளவு பதில் சொல்லும்.

டர்போவை யோசித்தவர் ஆல்ஃபிரட் பியூகி என்ற ஸ்விட்சர்லாந்து எஞ்சினியர். 1905-இல் காப்புரிமை வாங்கினார். பெட்ரோலின் வெப்பத்தில் பெரும் பங்கு புகையோடு வீணாக வெளியே போகிறது. அந்தப் புகையைக் கொண்டே ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதே அச்சில் இன்னொரு சக்கரத்தை மாட்டி, அதனால் காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் அனுப்பினால் என்ன? காற்று கூடினால் எரிபொருளையும் கூட்டலாம், பலமும் கூடும். சிக்கனம் தெரிந்த மனிதரின் யோசனை இது. இன்றைய கார்களில் அந்தச் சக்கரம் நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழல்கிறது.

1918-இல் அமெரிக்காவில் சான்ஃபோர்ட் மாஸ் என்பவர் ஒரு விமான எஞ்சினை வண்டியில் ஏற்றிப் பைக்ஸ் பீக் என்ற மலை உச்சிக்குக் கொண்டுபோனார். உயரம் 14,000 அடிக்கு மேல். தரையில் சுமார் 350 குதிரைச் சக்தி தந்த எஞ்சின், மெலிந்த காற்றில் 230-க்கு இறங்கிவிட்டது. டர்போவை இணைத்தார், இழந்தது திரும்பி வந்தது. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இழந்ததை மீட்பதற்காக வந்த யந்திரம் இது. இருப்பதைப் பெருக்கும் ஆசை பின்னால் சேர்ந்தது.

அந்த ஆசை 1962-இல் கார்க் கடைக்கு வந்தது. அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபில் கம்பெனி ‘ஜெட்ஃபயர்’ என்ற காரை விற்றது. மூன்றரை லிட்டர் எஞ்சின், 215 குதிரைச் சக்தி. காற்றை அமுக்கினால் சூடாகும். சூடு மிஞ்சினால், பொறி மூட்டிய தீ பரவி வந்து சேரும் முன்பே மிச்சக் கலவை தானாக வெடிக்கும். சம்மட்டியால் அடிப்பது போன்ற அந்தச் சத்தத்தை மெக்கானிக்குகள் ‘நாக்கிங்’ என்பார்கள். அதைத் தடுக்கத் தண்ணீரும் மெத்தனாலும் கலந்த ஒரு திரவத்தைத் தனித் தொட்டியில் வைத்தார்கள். தொட்டி காலியானால் டர்போவின் அழுத்தம் குறைந்துவிடும்படியும் ஏற்பாடு செய்திருந்தார்கள். எல்லாம் சரிதான், வாங்கினவர்கள் பலர் திரவத்தை ஊற்ற மறந்தார்கள். மறந்துவிட்டு, வண்டிக்கு வேகம் இல்லை என்று புகார் செய்தார்கள். இரண்டே வருஷத்தில் தயாரிப்பு நின்றது. பிறகு கம்பெனியே டர்போவைக் கழற்றிவிட்டுச் சாதாரணக் கார்புரேட்டர் மாட்டிக் கொடுக்கும்படி ஆயிற்று. எஞ்சினைப் பற்றி யோசித்தவர்கள் அதை வைத்துக்கொள்ளப் போகிற மனிதனைப் பற்றி யோசிக்கவில்லை.

அதே 1962-இல் ஜெர்மனியில் பி.எம்.டபிள்யூ. ஒரு குடும்பக் காரை வெளியிட்டது. ஒன்றரை லிட்டர் எஞ்சின். சாதுவாக 80 குதிரைச் சக்தி. அந்த எஞ்சினின் பிளாக்கை அடிப்படையாக வைத்தே பிற்காலத்தில் ஃபார்முலா ஒன் பந்தயத்துக்கு டர்போ எஞ்சின் செய்தார்கள். அளவு அதே ஒன்றரை லிட்டர். 1983-இல் அதைக் கொண்டு நெல்சன் பிக்கே உலக சாம்பியன் ஆனார். டர்போ காரில் ஃபார்முலா ஒன் ஓட்டுநர் ஒருவருக்குக் கிடைத்த முதல் உலகப் பட்டம் அது. 1986-இல், யார் முன்வரிசையில் நிற்பது என்று தீர்மானிக்கும் சுற்றுகளில் அதன் பலம் 1,300 குதிரைச் சக்தியைத் தாண்டியிருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள்.

எண்பது எங்கே, ஆயிரத்து முந்நூறு எங்கே! ஆனால் அந்த ஆயிரத்து முந்நூறு சில சுற்றுகளுக்கு மட்டுமே. பிறகு அந்த எஞ்சினைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வேறு எஞ்சினை மாட்டுவார்கள். மறுநாள் பந்தயத்தில் அழுத்தத்தைக் குறைத்துத்தான் ஓட வேண்டும். இல்லாவிட்டால் வண்டி முடிவுக் கோட்டைப் பார்க்காது. ஒரே எஞ்சின், இரண்டு டியூன். ஒன்று சில நிமிஷம் உயிர் வாழ்வதற்கு, மற்றொன்று இரண்டு மணி நேரம் உயிர் வாழ்வதற்கு. ஐந்து வருஷம் உயிர் வாழ வேண்டிய காருக்கு எது தகும் என்று நாம்தான் யோசிக்க வேண்டும்.

பந்தயத்தை நடத்துகிறவர்கள் இந்த வெறியைக் கண்டு பயந்துபோனார்கள். 1987-இல் அழுத்தத்துக்கு நான்கு பார் என்று எல்லை போட்டார்கள். 1988-இல் அதை இரண்டரையாகக் குறைத்தார்கள். ஒரு பந்தயத்துக்கு 150 லிட்டர் பெட்ரோல்தான் என்றார்கள். 1989-இல் டர்போவே கூடாது என்று தீர்ப்பு. அந்த 1988-இல் என்ன நடந்தது தெரியுமா? ஹோண்டா எஞ்சின் பூட்டிய மெக்லாரன் கார்கள் பதினாறு பந்தயங்களில் பதினைந்தை ஜெயித்தன. அழுத்தம் தாராளமாக இருந்த வருஷங்களில் எந்தக் காருக்கும் அப்படி ஒரு வெற்றி கிடைக்கவில்லை. இருந்த கொஞ்சத்தை எப்படிச் செலவழிப்பது என்று அவர்கள் கணக்குப் போட்டிருந்தார்கள்.

டர்போவில் ‘வேஸ்ட்கேட்’ என்று ஒரு கதவு உண்டு. அழுத்தம் அளவை மீறும்போது அது திறந்து, புகையில் ஒரு பகுதியைச் சக்கரத்தின் மேல் படாமல் வேறு வழியே விட்டுவிடும். வைகாசியில் காஞ்சிபுரத்தில் வரதராஜப் பெருமாள் தேர் ஓடும்போது பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். வடம் பிடிக்கக் கணக்கில்லாத கைகள். ஆனால் வீதி முனையில் தேர் திரும்புவதும், வீட்டுத் திண்ணையில் ஏறாமல் நிற்பதும் சக்கரத்தடியில் கட்டையோடு குனிந்து நடக்கும் சிலரால்தான். பேச்சிலே ‘முட்டுக்கட்டை போடுகிறான்’ என்று வைகிறோம். தேரில் அவன் இல்லாவிட்டால் ஒருவரும் வடத்தைத் தொட மாட்டார்கள். டியூனர் செய்கிற முதல் வேலை, இந்தக் கட்டையைக் கொஞ்சம் தாமதமாகப் போடச் சொல்வது.

கார்க் கம்பெனிக்காரர்கள் முட்டாள்கள் அல்ல. தங்கள் எஞ்சின் இன்னும் அதிகம் தரும் என்று அவர்களுக்கும் தெரியும். மட்டமான பெட்ரோல், சித்திரை வெயில், எண்ணெய் மாற்ற மறக்கிற சொந்தக்காரர் எல்லாவற்றையும் உத்தேசித்துக் கொஞ்சம் கையிருப்பு வைத்திருக்கிறார்கள். தறியில் பாவைத் தேவைக்கு மேல் இறுக்கினால் இழை அறும் என்பது நெசவாளிக்குத் தெரிவதுபோல. ஸ்டேஜ் ஒன்று அந்தக் கையிருப்பிலிருந்துதான் எடுத்துக் கொடுக்கிறது. புதிதாக ஒன்றும் வந்துவிடவில்லை. எடுப்பது தவறல்ல, எவ்வளவு எடுக்கிறோம், மிச்சம் எவ்வளவு என்று தெரிந்து எடுக்க வேண்டும்.

ஆகவே அந்தக் காஞ்சிபுரத்து இளைஞர், ‘எத்தனை குதிரைச் சக்தி கிடைக்கும்?’ என்பதைக் கடைசிக் கேள்வியாக வைத்துக்கொள்ளலாம். எந்தப் பெட்ரோலுக்கு எழுதிய டியூன் என்பது முதல் கேள்வி. ஐரோப்பாவில் 98 ஆக்டேனை நம்பி எழுதியதை இங்கே அதைவிடக் குறைந்த பெட்ரோலில் ஓட்டினால் நாக்கிங் வரும். கம்ப்யூட்டர் அதை உணர்ந்து பொறியைத் தாமதிக்கும். காசு கொடுத்து வாங்கிய பலம் காணாமல் போகும். 100 ஆக்டேன் பெட்ரோல் 2020 முதல் நம் நாட்டில் விற்கிறது என்றாலும் எல்லாப் பங்க்கிலும் கிடைப்பதில்லை. இப்போது பெட்ரோலில் 20 சதம் வரை எத்தனால் வேறு கலக்கிறார்கள். எத்தனால் நாக்கிங்கைத் தாங்கும். ஆனால் லிட்டருக்கு வெப்பம் குறைவு, ஆகையால் எஞ்சின் அதிகம் குடிக்கும். இதையெல்லாம் டியூனர் கணக்கில் சேர்த்திருக்கிறாரா?

அடுத்தது வெயில். விசிறிக் காற்றில், நிறுத்திவைத்த காரில் எடுத்த ஒரே ஓர் அளவைக் காட்டி மயக்குவார்கள். இன்டர்கூலர் காற்றைக் குளிர்விப்பது வெளிக் காற்றைக் கொண்டுதான். வெளிக் காற்றே நாற்பது டிகிரி என்றால் அது என்ன செய்யும்? நான்காவது, ஐந்தாவது ஓட்டத்தின் அளவைக் கேட்க வேண்டும்.

மூன்றாவது, கூடிய பலத்தை எது தாங்கப் போகிறது? கிளச், கியர் பெட்டி, டயர், பிரேக் எல்லாம் பழைய பலத்துக்குச் செய்தவை. பிரேக்குக்குச் செலவழிக்க மனம் வராதவர் ஸ்டேஜ் இரண்டைப் பற்றி யோசிக்காமல் இருப்பது நல்லது. புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைக் கழற்றுவது சட்டத்துக்கு விரோதம். பதிவுச் சான்றிதழில் உள்ள விவரம் தயாரிப்பாளரின் அமைப்பிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு சொல்கிறது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதை வலியுறுத்தியது. சொல்லாமல் செய்த மாற்றம், விபத்து நேர்ந்தபின் இன்ஷூரன்ஸ்காரர் கண்ணில்தான் முதலில் படும்.

இவற்றுக்கெல்லாம் நேரான பதில் கிடைத்தால் பெரும்பாலோருக்கு ஸ்டேஜ் ஒன்றே போதும். அதிலும் அடக்கமான ஒன்று. சிலருக்குக் கம்பெனி கொடுத்ததே போதும் என்று தோன்றலாம்.

இருங்காட்டுக்கோட்டைப் பாதைக்கும் இதில் ஒரு சாட்சியம் உண்டு. கோயமுத்தூர் கரிவரதன் எண்பதுகளின் பிற்பகுதியில் மாருதி 800-இன் எஞ்சினைப் பூட்டி ஒற்றை ஆள் பந்தயக் கார் செய்தார். மூன்று சிலிண்டர், 796 சி.சி.; கடைக்குப் போகிற வண்டியின் எஞ்சின். எல்லோருக்கும் ஒரே மாதிரிக் கார். டியூனில் மிஞ்ச வழியில்லை. ஓட்டுகிறவன் தன் கையாலும் காலாலும்தான் மிஞ்ச வேண்டும். அந்த ஃபார்முலா மாருதியில் பழகிய பையன்களில் ஒருவர் நரேன் கார்த்திகேயன். 2005-இல் அவர் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓடினார். இந்தியாவிலிருந்து அங்கே போன முதல் ஓட்டுநர். கரிவரதன் அதைப் பார்க்க இல்லை. 1995-இல் விமான விபத்தில் இறந்துபோனார். ஆனால் அந்தச் சின்ன எஞ்சின் கற்றுக் கொடுத்ததைப் பையன் மறக்கவில்லை.