குங்குமப்பூவும் உலர்த்தும் முறையும்

தமிழர் இல்லங்களிற் கருவுற்ற மகளிர்க்குப் பாலிற் கலந்து கொடுக்கப்படும் குங்குமப்பூ, உண்மையில் முழுப்பூ அன்று. ஊதாநிற மலரொன்றின் நடுவே நீண்டு நிற்கும் மூன்று செந்நிறச் சூல்முடிகளே அப்பெயர் பெறுகின்றன. ஒரு கிலோ சரக்குக்கு ஏறத்தாழ 1,50,000 மலர்கள் வேண்டும். இதனினும் வியப்புக்குரியது யாதெனில், அன்று பறித்த சூல்முடிக்கு அந்தப் புகழ்பெற்ற நறுமணம் இல்லாமையே. உலர்த்தும்போதுதான் மணம் பிறக்கின்றது.

கி.பி. 79 இல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது உயிர்நீத்த உரோம அறிஞர் பிளினி, குங்குமப்பூவைப் போலக் கலப்படத்துக்கு ஆளாகும் பொருள் வேறில்லை என எழுதினார். அவர் கூறிய சோதனை எளியது. கையில் வைத்து அழுத்தினால் நல்ல சரக்கு நொறுங்கும் ஓசை தரும்; ஈரமேறிய போலிச் சரக்கு ஓசையின்றி மடங்கும். ஈரம் எடையைக் கூட்டும். எடை பணத்தைக் கூட்டும். ஜேர்மனியின் நியூரன்பேர்க் நகரில் 1444 இல் கலப்படஞ் செய்த வணிகன் ஒருவன் தன் சரக்கோடு சேர்த்து எரிக்கப்பட்டான். குற்றத்தை மிஞ்சிய கொடுந்தண்டனை அது. எனினும் அப்பொருளின் மதிப்பை அறிய அதுவே போதும்.

உலர்த்தும் வழி நாட்டுக்கு நாடு வேறுபட்டது. இங்கிலாந்தில் சப்ரன் வால்டன் என்னும் ஊர் இப்பூவினாலேயே பெயர் பெற்றது. அந்நாட்டு முறையை மருத்துவர் ஜேம்ஸ் டக்ளஸ் 1728 இல் விரிவாக எழுதினார். சூல்முடிகளைத் தாள்களுக்கிடையே பரப்பி, சிறு சூளைமேல் வைத்து, பலகையும் பாரமும் ஏற்றுவர். முதலிற் கடுஞ்சூடு, பின்னர் இளஞ்சூடு. இடையிடையே புரட்டவும் வேண்டும். ஈற்றில் அப்பம் போன்ற தட்டை கிடைக்கும். சற்றே அயர்ந்தாற் கருகிவிடும். மாதக்கணக்கான உழைப்பு ஒரு நாழிகையிற் பாழாகும்.

ஸ்பெயினின் லா மாஞ்சா உழவரோ சல்லடையிற் பரப்பித் தணல்மேல் வாட்டினர். ஒரு மணி நேரத்துக்குள் ஐந்தில் நான்கு பங்கு எடை ஆவியாகிவிடும். விரைவே இம்முறையின் சிறப்பு. சூல்முடியிலுள்ள கசப்புப் பொருள் சூட்டினாற் சிதைந்தே சப்ரனால் என்னும் மணப்பொருளாகின்றது; நிறந்தரும் குரோசினோ ஒளியிலும் நெடுநேர ஈரத்திலும் அழிகின்றது. ஆதலின் மெல்ல உலர்வது நிறத்துக்குப் பகை.

காஷ்மீரத்தின் பாம்பூர் உழவர்க்கு நேர்ந்த இழப்பு இதுவே. கல்ஹணர் 12 ஆம் நூற்றாண்டிலேயே அந்நாட்டின் செல்வங்களுள் ஒன்றாகக் குங்குமப்பூவை எண்ணினார். இயல்பாகவே நிறவளம் மிக்க அப்பூவை உழவர் மூன்று முதல் ஐந்து நாள் வெயிலிற் காயவைத்தனர்; மேகம் மூடினால் நாள் இன்னும் நீளும். 2010 இல் இந்திய அரசு தொடங்கிய குங்குமப்பூத் திட்டத்தின்பின் வெப்பக்காற்று உலர்த்திகள் வந்தன. அவை சில மணி நேரத்தில் வேலையை முடிக்கின்றன. 2020 இல் காஷ்மீர்க் குங்குமப்பூ புவிசார் குறியீடும் பெற்றது. ஆயினும், சிறுநிலமுடையோர் பலர் முற்றத்திலே துணி விரித்து, வானத்தைப் பார்த்தபடியே இன்றும் காயவைக்கின்றனர்.