பால்வீதி மையத்தை அளந்த விண்மீன்

1974 இல் தனுராசித் திசையிலே, பால்வீதியின் மையத்தில், செறிந்த வானொலி மூலமொன்று கண்டறியப்பட்டது. அது கருந்துளையோ என்னும் ஐயத்தைத் தீர்க்க, அயல் விண்மீன்களின் இயக்கமே சான்றாக வேண்டியிருந்தது. இடைப்பட்ட தூசு கட்புல ஒளியை மறைத்தமையால் செந்நிறக்கீழ்க் கதிர்களே துணையாயின. 1992 இல் கென்செல் குழுவினர் சிலியிலும், 1995 இல் அந்திரியா கெஸ் குழுவினர் ஹவாயிலும் அளக்கத் தொடங்கினர். போட்டிதான், ஆயினும் ஒருவர் முடிவை மற்றவர் சரிபார்க்க அதுவே உதவிற்று.

எஸ்2 என்னும் விண்மீன் ஏறத்தாழ 16 ஆண்டுகளில் ஒரு சுற்றை முடிப்பது. அது 2002 இல் மையத்தை மிக அண்மித்துத் திரும்பியது. சுற்றுக்காலமும் பாதையின் பருமனும் தெரியவே, கெப்ளரின் விதி மையத்தின் திணிவைத் தந்தது: ஞாயிற்றினதைப்போல் ஏறக்குறைய 40 இலட்சம் மடங்கு. அத்துணைத் திணிவு அச்சிற்றிடத்துள் அடங்குவதாயின், இருண்ட விண்மீன்களின் கூட்டம் என்னும் மாற்றுவிளக்கம் நிலைபெறாது. எனினும் 2020 இல் இருவருக்கும் நோபல் பரிசிற் பங்களித்தோர், கருந்துளை என்னாது, மீப்பெருந் திணிவுடைய செறிபொருள் என்றே குறித்தனர். அவ்வெச்சரிக்கை தகுதியானதே.