டோனாவூர் ஐக்கியம்

திருநெல்வேலி மாவட்டம் களக்காட்டை அடுத்த டோனாவூரில் ஆதரவற்ற குழந்தைகளை வளர்த்துவரும் கிறித்தவத் தொண்டு அமைப்பு. நிறுவனர் ஏமி கார்மைக்கேல் (1867–1951). பிள்ளைகளைக் காட்டோடு பழகவிட்டு வளர்த்தது இதன் தனிச்சிறப்பு.

தோற்றம்: சி.எம்.எஸ். (சர்ச் மிஷனரி சங்கம்) மிஷனரி ரேனியஸ் காலத்தில், பிரஷ்ய நாட்டு டோனா பிரபுவின் பொருளுதவியால் அமைந்த ஊர் டோனாவூர். வட அயர்லாந்தின் மில்லைல் கிராமத்தில் பிறந்த கார்மைக்கேல் 1895இல் இந்தியா வந்தார். அதன்பின் தாய்நாடு திரும்பவே இல்லை. 1901 மார்ச்சில், கோயிலுக்கு நேர்ந்துவிடப்படவிருந்த ஏழு வயதுச் சிறுமி தப்பிவந்து, அப்போது பண்ணைவிளையில் இருந்த அவரிடம் அடைக்கலம் புகுந்தாள். அதுவே இப்பணியின் தொடக்கம். சிறுமிகளைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் இக்கொடுமையை அவர் எழுதி உலகறியச் செய்தார். ‘பொட்டுக்கட்டுதல்’ எனப்பட்ட இவ்வழக்கம் சென்னை மாகாணத்தில் 1947இல்தான் சட்டப்படி ஒழிந்தது.

தாய்ப்பாலுக்கு வழியில்லாத கைக்குழந்தைகளைப் பிழைக்கவைப்பதே தொடக்கத்தில் பெரும்பாடாக இருந்தது. மருத்துவ உதவி கிட்டும் என்பதால் நெய்யூர் மிஷன் மருத்துவமனையை ஒட்டி அவர்களுக்குத் தனி இல்லம் வைக்கப்பட்டது; பொன்னம்மாள் என்ற தமிழ்ப் பெண்மணி அதன் பொறுப்பேற்றார். 1913இல் பிள்ளைகள் 130 பேர். 1918 முதல் ஆண்குழந்தைகளும் சேர்க்கப்பட்டனர். ஊழியர்களுக்குச் சம்பளம் இல்லை. எவரிடமும் நிதி கேட்பதில்லை என்பது உறுதியான கொள்கை. பிள்ளைகள் கார்மைக்கேலை ‘அம்மை’ என்றே அழைத்தனர். கல்லறைக்கல் வேண்டாமென அவர் சொல்லியிருந்ததால், அடக்கம் செய்த இடத்தில் பறவைகள் நீரருந்தும் கல்தொட்டி ஒன்றே நிற்கிறது. அதில் அந்த ஒரு சொல்லைத்தான் பொறித்துள்ளனர்.

காடு: சமவெளியின் கோடை வெக்கைக்குக் குழந்தைகள் வாடியதால், 1917இல் மேற்குத் தொடர்ச்சி மலையில் ‘கிரே ஜங்கிள்’ என்ற காட்டுப்பகுதி வாங்கப்பட்டு, அங்கே ஒரு வீடு எழுந்தது. மலையாற்றுக் கசத்தில் பிள்ளைகள் நீந்தப் பழகினர். அந்த அனுபவங்களை ‘ஃப்ரம் தி ஃபாரஸ்ட்’ (1920) நூலில் கார்மைக்கேல் எழுதினார்.

சிறுவர் பகுதியை நடத்திய சி. ஜி. வெப்-பெப்ளோ தேர்ந்த இயற்கை ஆர்வலர். தென்திருநெல்வேலியின் பாலூட்டிகள் பற்றிய அவரது களக்குறிப்பு பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக இதழில் 1947இல் வெளிவந்தது; பறவைகள் பற்றியும் எழுதியுள்ளார். சோலைமந்தி எனப்படும் சிங்கவால் குரங்குக்காகக் களக்காடு சரணாலயம் 1976இல்தான் அமைந்தது. அதற்கு ஏறத்தாழ முப்பது ஆண்டு முன்பே இம்மலையின் விலங்குகளை ஒருவர் நேரில் கண்டு பதிந்துவைத்தது அரிய தொண்டாகும். 1988இல் இச்சரணாலயமும் முண்டந்துறைச் சரணாலயமும் இணைந்து தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகமாயின.

இன்றைய நிலை: டோனாவூரில் ஐக்கியத்தின் குழந்தைகள் இல்லமும் மருத்துவமனையும் இந்தியர் நிர்வாகத்தில் தொடர்ந்து இயங்குகின்றன.