மூளைக்கு ஒரு மாத்திரை

பரீட்சை வந்தால் போதும், "பையனுக்கு ஞாபக சக்தி மாத்திரை ஏதாவது இருக்கா சார்?" என்று இங்கே புனேயில் நம்மவர்கள் கேட்க ஆரம்பித்துவிடுகிறார்கள். இந்த ஆசைக்கு வயது அறுபதுக்கு மேல்!

1964ல் பெல்ஜியத்தின் யூசிபி கம்பெனியில் பிறந்தது பிராசிட்டம். அங்கிருந்த ருமேனிய விஞ்ஞானி கொர்னேலியு ஜுர்ஜியா, 1972ல் இந்த வகைக்கு 'நூட்ரோபிக்' என்று பெயர் வைத்தார். கிரேக்கத்தில் 'நூஸ்' என்றால் மனம். மூளைக்கு உதவணும், கெடுதலும் கூடாது என்பது அவர் போட்ட கண்டிஷன்.

இரண்டாவது பாதி ஓரளவு தேறியது. முதல் பாதியில்தான் சிக்கல். மறதி நோய்க்கு இதைப் பரிந்துரைக்கப் போதிய ஆதாரமில்லை என்றது 2001ல் வெளிவந்த காக்ரேன் ஆய்வு. அமெரிக்காவின் எஃப்டிஏ அங்கீகரிக்கவே இல்லை. ஐரோப்பாவில் சில வகைத் தசைத்துடிப்புக்குக் கொடுக்கிறார்கள்.

கெடுதல் இல்லை என்பதாலேயே பலன் உண்டு என்றாகிவிடாதே! பையனை ராத்திரி நேரத்தோடு தூங்க விடுங்கள் சார்.