மென்பொருள் உருவாக்கச் செயல்முறை

ஒரு மென்பொருள் குழு எந்த வேலையை எந்த வரிசையில் செய்ய வேண்டும், யாரிடம் ஒப்புதல் பெற வேண்டும், எதை எழுத்தில் வைக்க வேண்டும், எதைச் சரிபார்க்காமல் வெளியே விடக் கூடாது என்று முன்கூட்டியே வகுத்துக்கொள்ளும் ஒழுங்கு செயல்முறை எனப்படும். துறையில் இருப்பவர்கள் பிராசஸ் என்றே சொல்கிறார்கள். இது குழுவுக்குக் கைகொடுக்கிறதா, காலைக் கட்டுகிறதா என்ற வழக்கு அரை நூற்றாண்டுக்கு மேலாகத் தீரவில்லை. கிடைக்கும் சான்றுகளைச் சேர்த்துப் பார்த்தால், செயல்முறை எவ்வளவு இருக்கிறது என்பதைவிட எங்கே இருக்கிறது என்பதே விளைவை முடிவு செய்வதாகத் தெரிகிறது. வேலை செய்பவரின் கையிலும் கருவியிலும் கலந்த ஒழுங்கு பெரும்பாலும் உதவியிருக்கிறது. வெளியாருக்குக் காட்டுவதற்காகக் கோப்பில் வளர்ந்த ஒழுங்கு பெரும்பாலும் சுமையாகியிருக்கிறது.

கணினிக்கு முன்பே இந்த வேறுபாடு புகையிரதத் துறையில் தெளிவாகப் பதிவாகியுள்ளது. மலையக வாசகர் அதை நேரிலேயே பார்க்க முடியும் என்பதால் சற்று விரித்துச் சொல்லலாம். 1885இல் நானுஓயாவை எட்டிய இலங்கையின் மலையகப் புகையிரதப் பாதை 1893இல் அப்புத்தளைக்கும் 1924இல் பதுளைக்கும் நீண்டது. நானுஓயா கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஒற்றைத் தண்டவாளம், ஒன்றன்பின் ஒன்றாக வளைவுகள், நண்பகலிலும் இறங்கிவிடும் மூடுபனி. எதிரே வண்டி வருகிறதா என்பதைச் சாரதி கண்ணால் அறிய முடியாது. இங்கே வண்டிகளைக் காப்பது டேப்லட் முறை. அடுத்தடுத்த இரு நிலையங்களில், டேப்லட் எனப்படும் தகடுகளை வைத்திருக்கும், மின்கம்பியால் பிணைத்த இரண்டு பெட்டிகள் இருக்கும். ஒரு நிலைய அதிபர் தம் பெட்டியிலிருந்து தகட்டை எடுக்க வேண்டுமானால், அதே வேளையில் மறுமுனை அதிபர் இசைவு தர வேண்டும். ஒரு தகடு வெளியே வந்துவிட்டால், அது இரண்டில் ஒரு பெட்டிக்குள் திரும்பும்வரை இன்னொன்றை எவராலும் எடுக்க முடியாது. அந்தத் தகட்டைப் பையிலிட்டுப் பெரிய வளையத்தில் கோத்துச் சாரதியிடம் தருவார்கள். மெதுவாகச் செல்லும் வண்டியிலிருந்து சாரதி பழைய வளையத்தைக் கொடுத்துப் புதியதைக் கையால் வாங்கிக்கொள்வார். நிலைய மேடையில் நிற்பவர் எவரும் பார்க்கக்கூடிய இந்தக் கைமாற்றம், ஒரு விதி கண்ணுக்குத் தெரியும் பொருளாக மாறிய அரிய காட்சி.

இந்தப் பொறி பிறந்த காரணம் நம் கேள்விக்கு நேராகப் பொருந்துகிறது. 1874 செப்டம்பர் 10ஆம் திகதி இரவு இங்கிலாந்தின் நோரிச் நகருக்கு அருகே தோர்ப் என்ற இடத்தில், ஒற்றைப் பாதையில் இரண்டு வண்டிகள் நேருக்கு நேர் மோதின. குறைந்தது 25 பேர் இறந்தார்கள். அங்கே விதி இல்லாமல் இல்லை. பொறுப்பதிகாரி கையொப்பமிடாத தந்தியை அனுப்பக் கூடாது என்று எழுதியே வைத்திருந்தார்கள். கையொப்பம் இல்லாமலே தந்தி போனது, எதிர்ப்புறத்து வண்டி புறப்பட்டது. எட்வர்ட் டயர் 1878இல் காப்புரிமை பெற்ற டேப்லட் பொறி புதிய விதி எதையும் சேர்க்கவில்லை. இருந்த விதியை மீற முடியாதபடி இரும்புக்குள் வைத்தது. வேகம், நேர அட்டவணை, சாரதியின் கைத்திறன் ஆகியவற்றில் அது தலையிடுவதில்லை. ஒரு துண்டுப் பாதையில் ஒரே நேரத்தில் இரண்டு வண்டிகள் இருக்கக் கூடாது என்ற ஒன்றை மட்டுமே காக்கிறது. நல்ல செயல்முறைக்கு இதைவிடத் தெளிவான மாதிரி கிடைப்பது அரிது.

மென்பொருளுக்கும் பொறியியல் ஒழுங்கு வேண்டும் என்ற குரல் 1968இல் ஜேர்மனியின் கார்மிஷ் நகரில் நேட்டோ ஆதரவில் நடந்த மாநாட்டில் உரத்து எழுந்தது. 1970இல் வின்ஸ்டன் ராய்ஸ் எழுதிய கட்டுரை, தேவை, வடிவமைப்பு, நிரல், பரீட்சிப்பு எனப் படிப்படியாக இறங்கும் வரைபடத்தைத் தந்தது. பின்னர் நீர்வீழ்ச்சி முறை என்று பெயர் பெற்றது இதுவே. வரைபடத்தைத் தந்த கையோடு, அதை அப்படியே பின்பற்றுவது ஆபத்தானது, தோல்வியை அழைப்பது என்றும் ராய்ஸ் எழுதினார். அதே கட்டுரையில் ஏராளமான ஆவணங்களையும் கேட்டார். ஆகவே அவரை எந்தக் கட்சியில் சேர்ப்பது என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை.

இவ்வரலாற்றில் அதிகம் ஆவணப்படுத்தப்பட்ட காலம் 1986க்கும் 2003க்கும் இடைப்பட்டது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் நிதியில் 1984இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் மென்பொருள் பொறியியல் நிறுவனம் தொடங்கியது. ஐ.பி.எம்.மில் நீண்டகாலம் பணியாற்றிய வாட்ஸ் ஹம்ப்ரி 1986இல் அங்கே சேர்ந்தார். அவரது சிந்தனையிலிருந்து ஐந்து படிகள் கொண்ட திறன் முதிர்ச்சி மாதிரி, அதாவது சி.எம்.எம்., 1991இல் வெளிவந்தது. ஆளுக்கொரு விதமாக வேலை நடக்கும் குழு முதல் படியில் இருக்கும். தன் பிழைகளை அளந்து, அவற்றுக்கு இடம் கொடுத்த வழக்கத்தையே திருத்திக்கொள்ளும் குழு ஐந்தாம் படியில் இருக்கும். இந்த மாதிரிக்குப் பிறவியிலேயே இரண்டு வேலைகள் இருந்தன. குழு தன்னைச் சீர்திருத்த அது உதவ வேண்டும். ஒப்பந்தக்காரரில் யாரைத் தேர்வது என்று கேட்ட அமெரிக்க விமானப்படைக்கும் அது விடை தர வேண்டும். முதல் வேலைக்குக் குழு தன் குறைகளை ஒளிக்காமல் எழுத வேண்டும். இரண்டாவதற்கு அவற்றை மறைப்பதே இலாபம். பின்னால் வந்த குழப்பங்களில் பெரும்பகுதி இந்த முரணிலிருந்து பிறந்தது என்று கொள்ள இடமுண்டு.

முதல் வேலையின் சிறந்த சான்று அமெரிக்க விண்வெளி ஓடத்தை இயக்கிய நிரல். ஐந்தாம் படியைத் தொடக்கத்திலேயே எட்டிய குழுக்களில் ஹியூஸ்டனில் அதை எழுதிய குழுவும் ஒன்று. 1996இல் வெளியான ஒரு விவரணையின்படி அங்கே சுமார் 260 பேர் வேலை செய்தார்கள். சுமார் 4,20,000 வரிகள் கொண்ட நிரலின் கடைசி மூன்று பதிப்புகளில் பதிப்புக்கு ஒரு பிழையே இருந்தது. பிழை கிடைத்ததும் அதைத் திருத்துவதோடு அவர்கள் நிற்கவில்லை. அது எந்த ஓட்டை வழியாக நுழைந்தது, அதே ஓட்டையில் வேறு பிழைகளும் நுழைந்தனவா என்று தேடினார்கள். விதி அவர்களுடைய சொந்த அறிவாக இருந்தது.

இரண்டாவது வேலை இந்தியாவில் செழித்தது. 1991க்குப் பின் பெங்களூர், சென்னை, ஹைதராபாத் நகரங்களில் வளர்ந்த நிறுவனங்களின் வாடிக்கையாளர் கடல் கடந்து இருந்தார். அவருக்கு இவர்களைத் தெரியாது. அறிமுகமில்லாதவரை நம்பவைக்க ஐந்தாம் படிச் சான்றிதழ் பயன்பட்டது. பெங்களூரின் மோட்டோரோலா பிரிவு 1990களின் முதற்பாதியிலேயே ஐந்தாம் படியை எட்டியது. விப்ரோ அந்தப் பத்தாண்டின் இறுதியில் எட்டியது. 2000களின் தொடக்கத்தில் உலகின் ஐந்தாம் படி அமைப்புகளில் பெரும்பங்கு இந்தியாவில் இருந்ததாகச் சொல்லப்படுகிறது. 2000இல் சென்னையில் ஒரு மென்பொருள் தர நிறுவனத்துக்கு ஹம்ப்ரியின் பெயரையே சூட்டினார்கள். அமெரிக்கப் பொறியியலாளர் ஒருவருக்குத் தமிழ்நாட்டுத் தலைநகர் செய்த இந்த மரியாதை, அந்நாட்களில் செயல்முறை மீது அங்கே இருந்த நம்பிக்கையின் அளவைக் காட்டுகிறது.

அந்த நம்பிக்கை பலித்ததா? ஆய்வாளர் மைக்கேல் குசுமானோவும் வேறு மூவரும் 2003இல் வெளியிட்ட ஆய்வு, நான்கு பிரதேசங்களின் 104 திட்டங்களை ஒப்பிட்டது. விரிவான வடிவமைப்பை எழுதிவைத்தவை இந்தியத் திட்டங்களில் எல்லாமும், ஜப்பானில் சுமார் 85 சதவீதமும், அமெரிக்காவில் மூன்றில் ஒரு பங்கும். ஆயிரம் வரிக்கு வாடிக்கையாளர் கண்ட பிழைகளின் இடைநிலை அளவு அமெரிக்காவில் 0.400, இந்தியாவில் 0.263, ஜப்பானில் 0.020. திட்டங்களின் வகை வேறுபடுவதால் நாடுகளை நேரடியாகத் தராசில் வைக்க வேண்டாம் என்று ஆய்வாளர்களே எச்சரித்திருக்கிறார்கள். அந்த எச்சரிக்கையை மதித்தே ஒன்றைக் கவனிக்கலாம். அமெரிக்காவோடு ஒப்பிட்டால் எழுத்து ஒழுங்கு இந்தியாவுக்கு உதவியது போலத் தெரிகிறது. ஆனால் எழுதுவதில் இந்தியாவும் ஜப்பானும் ஏறத்தாழச் சமமாக இருக்கையில், பிழையில் பதின்மடங்குக்கும் அதிகமான இடைவெளி விழுகிறது. அந்த இடைவெளியை ஆவணம் விளக்காது. விப்ரோ 2004இல் சான்றிதழ்களோடு நிற்காமல், டொயோட்டா ஆலைகளின் வழியில், வேலை செய்பவரே தம் வேலையை மாற்றியமைக்கும் முறைக்குத் திரும்பியதும், அம்முறையில் நடந்த திட்டங்களில் பெரும்பாலானவை மேம்பட்ட பலன் தந்ததாகப் பின்னர் ஆய்வாளர்கள் கண்டதும் இதே திசையைக் காட்டுகின்றன. ஹம்ப்ரியும் 1990களின் நடுவில் நிறுவன அளவிலான ஒழுங்கிலிருந்து தனி நிரலாளரின் மேசைக்குக் கவனத்தைத் திருப்பி, தன் பிழையைத் தானே அளக்கும் முறையை வகுத்தார்.

மறுப்புகள் பழையவை, வலுவானவை. மைக்ரோசொஃப்ட், அப்பிள் போன்ற நிறுவனங்கள் இந்த அளவுகோலில் முதல் படியில்தான் நிற்கும், ஆனாலும் உலகம் வாங்கும் பொருளைத் தருகின்றன என்று ஜேம்ஸ் பாக் 1994இல் எழுதினார். இது சரிதான். வாடிக்கையாளருக்கு என்ன வேண்டும் என்பதே தெரியாத கட்டத்தில் தேடலே வேலை. தேடலுக்கு முன்கூட்டி வரிசை வகுக்க முடியாது. தண்டவாளம் போட்டாகிவிட்ட பாதைக்குரிய ஒழுங்கைப் பாதையையே தேடும் குழுவுக்குப் பொருத்தலாமா என்ற கேள்வியும் இதைச் சார்ந்தது. ஆனால் தேடும் குழுவும் ஒரு நாள் நிரலை மக்களின் பணத்தின்மீது ஓடவிடுகிறது. 2012 ஓகஸ்ட் 1ஆம் திகதி நியூயோர்க் பங்குச்சந்தையில் நைட் கப்பிட்டல் என்ற பங்கு வர்த்தக நிறுவனத்தின் எட்டு சேர்வர்களில் ஏழில் மட்டுமே புதிய நிரல் ஏறியிருந்தது. எட்டாவதில் பல ஆண்டுகளாகப் பயன்படாமல் கிடந்த பழைய நிரல் விழித்துக்கொண்டு ஓயாமல் பங்குகளை வாங்கியும் விற்றும் தள்ளியது. சுமார் 45 நிமிடங்களில் 44 கோடி டொலருக்கு மேல் போனது. இரண்டாவது ஒருவர் சரிபார்க்க வேண்டும் என்ற எழுத்து விதி அங்கே இல்லை என்று அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையம் பதிவு செய்தது. மறுமுனையில் இசைவு தர ஒருவர் இருந்திருந்தால் போதும். நூறு பக்க ஆவணம் தேவைப்பட்டிருக்காது.

2001 பெப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் கூடிய மென்பொருள் துறையினர் 17 பேரின் அஜைல் பிரகடனம் செயல்முறைக்கு எதிரான கலகமாகப் பேசப்படுகிறது. அவர்களில் சிலர் கடைப்பிடித்த வழக்கங்களோ கடுமையானவை: நிரலுக்கு முன் பரீட்சையை எழுதுதல், ஒரே கணினியில் இருவர் அமர்ந்து எழுதுதல், மாற்றங்களை உடனுக்குடன் இணைத்துப் பார்த்தல். ஒழுங்கு கோப்பிலிருந்து கைக்கும் கருவிக்கும் இடம் மாறியது என்பதே பொருத்தமான வாசிப்பு. சில ஆண்டுகளிலேயே அஜைலுக்கும் சான்றிதழ்களும் பயிற்சிச் சந்தையும் முளைத்தன. எந்த முறையும் வெளியாருக்கான காட்சிப்பொருளாக மாறலாம் என்பதற்கு அது சான்று.

இலங்கையின் பங்களிப்பு குறுகிய காலத்துக்குள் அடங்கினாலும் இந்த வழக்கில் எடையுள்ளது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் சில நாட்களிலேயே கொழும்பில் தன்னார்வ நிரலாளர்கள் காணாமற்போனோர், முகாம்கள், நிவாரணப் பொருட்கள் ஆகியவற்றைப் பதியும் சஹானா மென்பொருளை எழுதத் தொடங்கினார்கள். படிகளுக்கும் ஒப்புதல்களுக்கும் அங்கே நேரம் இருக்கவில்லை. அவசரத்தில் செயல்முறை தடை என்பவர்கள் இதைக் காட்டலாம், காட்டவும் வேண்டும். ஆனால் வேறு நாடுகளும் வேறு பேரிடர்களும் பயன்படுத்தும் பொருளாக அதை ஆக்க வேண்டி வந்தபோது, 2005இல் லங்கா மென்பொருள் நிதியத்தின் கீழ் புதிதாகக் கட்டினார்கள். அதே ஆண்டு பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் அது பயன்பட்டது. அதே நிதியத்தைச் சார்ந்த இலங்கை நிரலாளர்கள் பெரும்பங்கு எழுதிய அப்பாச்சி ஆக்சிஸ்2 என்ற மென்பொருள், அப்பாச்சி என்ற திறந்த மூல மென்பொருள் அமைப்பின் வாக்கு விதிகளின்படி வளர்ந்தது. அங்கே ஒரு பதிப்பு வெளியாகக் குறைந்தது மூன்று ஆதரவு வாக்குகள் வேண்டும். நிரல் மாற்றம் ஒன்றை உறுப்பினர் ஒருவரே தொழில்நுட்பக் காரணம் காட்டித் தடுக்கலாம். மிகவும் எழுத்துமுறையான ஒழுங்கு இது. அதைச் சுமை என்று எழுதியவர்கள் குறைவு. வாக்களிப்பவரே வேலை செய்பவராக இருப்பது இதற்குக் காரணமாகலாம்.

2016இல் முதிர்ச்சி மாதிரியின் பொறுப்பு ஐசாக்கா அமைப்பிடம் சென்றது. புதிய பதிப்புகள் அஜைல் வழக்கங்களுக்கும் இடம் தருகின்றன. இப்போது நிரலின் ஒரு பகுதியைச் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் எழுதுகின்றன. அவை எழுதியதை யார் வாசித்து ஒப்புவது என்பதற்கு நிறுவனங்கள் தத்தம் விதிகளை வகுத்துவருகின்றன. அவற்றின் பலனை ஒப்பிட்டுச் சொல்லும் அளவுக்கு இன்னும் ஆண்டுகள் செல்லவில்லை.