முளையும் துளையும்



ஓசூரிலிருந்து தேன்கனிக்கோட்டைக்குச் செல்லும் சாலையை அடுத்த சிற்றூர் ஒன்றில் என் பெரியப்பாவின் தச்சுக்களம் இருந்தது. 1960-களில், பள்ளி விடுமுறை விட்டதும் அங்கே போய் உட்கார்ந்துகொள்வதே எனக்குப் பெரும் பொழுதுபோக்கு. அவர் வண்டிச் சக்கரம் செய்பவர். நடுவே குடம், குடத்திலிருந்து பன்னிரண்டு ஆரக்கால்கள், அவற்றின் நுனியில் வில்போல் வளைவாக அறுத்தெடுத்த ஆறு வட்டைகள், யாவற்றையும் சுற்றி இரும்புப் பட்டா. வட்டைகள் முகத்தோடு முகம் சேரும் இடங்களில், இரண்டிலும் துளையிட்டு, விரற்பருமனுள்ள உருண்டை மரத்துண்டு ஒன்றைப் பாதி இதிலும் பாதி அதிலுமாகச் செருகுவார். வட்டைகள் நெருங்கியதும் அத்துண்டு கண்ணுக்கு மறைந்துவிடும்.

“பட்டாதான் இறுக்கிப் பிடிக்கிறதே, பெரியப்பா, இது எதற்கு?” என்று ஒருநாள் கேட்டேன்.

“பட்டா இறுக்கும்டா, இடம் காட்டாது” என்றார்.

அந்தப் பதில் எனக்கு விளங்கப் பத்தாண்டுகளுக்கு மேல் ஆயின. பழுக்கக் காய்ச்சி மாட்டிய பட்டா, நீர் ஊற்றியதும் சுருங்கி, வட்டைகளை ஒன்றோடொன்று நெருக்குகிறது. ஆனால் சக்கரம் பள்ளத்தில் விழுந்து பக்கவாட்டில் இடிபடும்போது, ஒரு வட்டையின் முனை அடுத்ததைவிட்டு நூலளவு நழுவப் பார்க்கும். அந்த நழுவலைத் தடுப்பது உள்ளே ஒளிந்திருக்கும் மரத்துண்டே. அதை அவர் நன்றாகக் காயவைத்த பின்பே அடிப்பார். வறண்ட துண்டு சுற்றியுள்ள மரத்தின் ஈரத்தை உறிஞ்சிச் சற்றே பருக்கும். பருத்தால் பிடிப்பு கூடும்.

அதற்கு அவர் இட்ட பெயர் முளை. கன்னடம் பேசும் வண்டிக்காரர்கள் வந்தால் ‘மொளெ’ என்பார்கள். கன்னடத்தில் அது இன்று பெரும்பாலும் இரும்பாணியைக் குறிக்கும். தெலுங்கு பேசுவோர் ‘மேகு’ என்பார்கள். மும்மொழியும் கலந்து ஒலிக்கும் எங்கள் எல்லைப்புறத்தில், ஒரு மரத்துண்டுக்குக்கூட மூன்று பெயர்கள் வழங்குவதில் வியப்பில்லை.

முளை இல்லாமல் மனிதன் பொருள்களை எவ்வாறு இணைத்தான் என்று காண விரும்புவோர் கிருஷ்ணகிரி மாவட்டத்து மல்லச்சந்திரத்திற்குச் செல்ல வேண்டும். அங்கே பாறைக்குன்றின்மேல் பெருங்கற்காலக் கற்திட்டைகள் கூட்டமாக நிற்கின்றன. நான்கு பலகைக் கற்களைச் செங்குத்தாக நிறுத்தி, மேலே ஒரு பெருங்கல்லை மூடியாக வைத்த ஈமச் சின்னங்கள் அவை. ஆணியும் இல்லை, சாந்தும் இல்லை. ஒவ்வொரு பலகையும் அடுத்த பலகையின் விளிம்பைத் தாண்டிச் சற்று நீண்டிருக்கும்படி, சுவஸ்திக வடிவில் அடுக்கியிருக்கிறார்கள். ஆகவே எந்தப் பலகையும் எளிதில் உட்புறம் சாய முடியாது. மேலிருக்கும் மூடிக்கல்லின் பாரம் மீதியைப் பார்த்துக்கொள்கிறது. எடையையே பூட்டாக்கிய அறிவு அது.

எடை மட்டும் போதாத இடத்தில்தான் காடியும் கழுந்தும் வந்தன. ஒரு கல்லின் தலையில் சிறு குமிழை விட்டுச் செதுக்கி, மற்றொரு கல்லில் அதற்கேற்ற குழி தோண்டி, ஒன்றை ஒன்றில் உட்காரவைப்பது. இங்கிலாந்தின் ஸ்டோன்ஹெஞ்சு என்னும் கல்வட்டத்தில், ஏறத்தாழ 4,500 ஆண்டுகளுக்கு முன்பே, நிற்கும் கற்களின் உச்சியில் குமிழ்களைக் காண்கிறோம். ஓசூருக்கு மேற்கே கன்னட நாட்டில் எழுந்த போசளர் கோயில்களிலும் சாந்தில்லாமல் இவ்வகைப் பொருத்துகளால் கற்களைப் பிணைத்தனர். கழுந்து கல்லின் உடம்போடு ஒட்டியது. முளையோ தனிப்பொருள், இரண்டிற்கும் சொந்தமில்லாமல் இரண்டையும் சேர்ப்பது. வேறுபாடு இவ்வளவே.

ஏதென்சு நகரத்துப் பார்த்தினான் கோயில் தூண்களை எண்ணிப் பாருங்கள். கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில், பளிங்கு உருளைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கிரேக்கர், அவற்றின் மையத்தில் மரக்கட்டைகளைப் பதித்து, அவற்றுள் மரமுளையைச் செருகினர். காற்றுப் புகாத அளவுக்கு உருளைகள் நெருங்கியிருந்தமையால், இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் சில கட்டைகள் கெடாமல் கிடைத்தன. சுவர்க்கற்களைப் பிணைத்த இரும்புப் பற்றுகளைச் சுற்றி ஈயத்தை உருக்கி வார்த்திருந்தனர், துரு அணுகவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோயிலைப் புதுப்பித்தவர்கள் அந்த ஈயக் காப்பை மறந்து வெறும் இரும்பைப் பதித்தார்கள். இரும்பு துருப்பிடித்துப் பருத்துப் பளிங்கையே பிளந்தது. 1975-க்குப் பின் தொடங்கிய திருத்தப் பணியில், அவற்றை நீக்கித் துருவேறாத டைட்டானியம் உலோகத்தை வைத்து வருகிறார்கள். என் பெரியப்பா முளைக்கு மரத்தைத் தேர்ந்தெடுக்க ஏன் அத்தனை நேரம் செலவிட்டார் என்பது இதைப் படித்தபோதுதான் எனக்குப் புரிந்தது.

இனி என் கதைக்கு வருகிறேன். சிப்காட் நிறுவனம் 1971-இல் உருவாயிற்று; அந்தப் பத்தாண்டிலேயே ஓசூரின் கேழ்வரகுக் கொல்லைகளுக்கு நடுவே தொழிற்பேட்டை எழத் தொடங்கியது. 1980-இல் அசோக் லேலண்டு ஆலையும், டி.வி.எஸ். 50 என்னும் சிறு மோட்டார் வண்டியும் ஊரின் பெயரை எங்கும் கொண்டு சென்றன. சக்கரத் தச்சரின் வீட்டுப் பிள்ளையான நானும் ஒரு பணிமனையில் பயிற்சியாளனாகச் சேர்ந்தேன். அதன் பெயர் இங்கே வேண்டாம், பிழை என்னுடையது.

எண்ணெய் இறைக்கும் பற்சக்கரப் பம்பு ஒன்றைப் பிரித்துத் துடைத்து மீண்டும் பூட்டும் வேலை எனக்கு வாய்த்தது. மூடியில் எட்டு போல்ட்டுகள். அவற்றோடு, சிறுவிரலில் பாதிப் பருமனில் இரண்டு எஃகு உருளைகள். எங்களுக்கு அவை ‘டவல் பின்’. அவை எளிதில் உள்ளே போகவில்லை. எட்டு போல்ட்டுகள் இருக்கும்போது இவை எதற்கு என்று எண்ணி மேசைமேல் வைத்துவிட்டேன். பம்பு ஓடிச் சிறிது நேரத்தில் சூடேறி, அலறி, அச்சு முறிந்தது. தெறித்த சில்லு ஒன்று அருகில் நின்ற தோழனின் மணிக்கட்டைக் கிழித்தது. அந்தத் தழும்பை இன்றும் பார்க்கிறேன்.

நடந்தது இதுதான். போல்ட்டு நுழையும் துளை போல்ட்டைவிடச் சற்றுப் பெரியது. இல்லையேல் அதை மாட்டவே முடியாது. ஆகவே மூடி அந்த இடைவெளியளவு எந்தப் பக்கமும் நகரலாம். நகர்ந்தால் மூடியிலும் உடலிலும் உள்ள அச்சுத்துளைகள் நேர்கோட்டில் இரா. பின்னோ இடைவெளியின்றிப் பொருந்துவது. இரண்டு பாகங்களையும் சேர்த்துப் பிடித்து ஒரே மூச்சில் துளையிட்டு, ரீமரால் இழைத்து, பின்னை அடித்து இறக்குவார்கள். ஒரு பின் போதாது; அதை மையமாக வைத்துப் பாகம் சுழன்றுவிடும். மூன்றாவது வீண், ஒன்றோடொன்று சண்டையிடும். இரண்டையும் இயன்றவரை தூரத்தில் வைத்தால் பிழை குறையும். மூடியைத் தலைகீழாகப் பூட்டிவிடாதபடி, சிலர் அவற்றை வேண்டுமென்றே சமச்சீரில்லாமல் அமைப்பதும் உண்டு. மாணவர்கள் பழைய கைக்கடிகாரம் ஒன்றைத் திறந்து பார்க்கலாம்: சக்கரங்களை மேலிருந்து தாங்கும் சிறு தகட்டின் அடியிலும் எறும்புத் தலையளவில் இவ்விரண்டு முளைகள் இருக்கும்.

பட்டாவின் இடத்தில் போல்ட்டு. வட்டை முளையின் இடத்தில் பின். பெரியப்பா சொன்னது அன்று மாலை நினைவுக்கு வந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை உடைந்த பம்பின் ஒரு பின்னைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு களத்திற்குப் போனேன். அப்போதே டிராக்டர்களும் ரப்பர்ச் சக்கர வண்டிகளும் பெருகி, அவருக்கு மாதம் ஒரு சக்கரம் வந்தால் அதிகம். நடந்ததைச் சொன்னேன். அவர் ஏசவில்லை. பின்னைக் கட்டைவிரலால் உருட்டிப் பார்த்தார். முனைக் கூர் மழுக்கியிருப்பதைத் தடவினார். “துளைக்குள் வழிகாட்ட முனையைச் சரித்திருக்கிறான், நம்மைப் போலவே” என்றார். பிறகு, “அந்தப் பையன் கை ஆறிற்றா?” என்று கேட்டார்.