ஹேமார்க்கெட் கேளிக்கைப் பூங்கா எதிர்ப்பு இயக்கம்

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், வாஷிங்டன் நகருக்கு மேற்கே ஏறத்தாழ 35 மைல் தொலைவில் ஹேமார்க்கெட் என்ற சிற்றூர் உள்ளது. இதையொட்டி வால்ட் டிஸ்னி நிறுவனம் ‘டிஸ்னிஸ் அமெரிக்கா’ என்னும் வரலாற்றுக் கேளிக்கைப் பூங்காவை அமைக்கத் திட்டமிட்டது. அதை எதிர்த்து 1993 நவம்பர் முதல் 1994 செப்டம்பர் வரை நடந்த இயக்கமே ஹேமார்க்கெட் கேளிக்கைப் பூங்கா எதிர்ப்பு இயக்கம். அமெரிக்க உள்நாட்டுப் போரின் மனாசஸ் போர்க்களத்துக்கு அருகில் வாழ்ந்தோர் தொடங்கிய இவ்வெதிர்ப்பு, வரலாற்றாசிரியர்களும் எழுத்தாளர்களும் சேர்ந்ததால் நாடு தழுவிய விவாதமாயிற்று. பூங்கா கட்டப்படவில்லை. போர்க்களத்தைக் காப்பது வேலிக்குள் உள்ள மண்ணைக் காப்பது மட்டுமா, அதைச் சுற்றியுள்ள ஊர்களையும் வயல்களையும் சாலைகளையும் காப்பதுமா என்ற கேள்வியைப் பொதுமக்கள் முன் வைத்தது இவ்வியக்கத்தின் நிலைத்த பங்களிப்பு.

இடமும் பின்னணியும்

ஹேமார்க்கெட் 1799இல் உருவான ஊர். உள்நாட்டுப் போரின்போது 1862 நவம்பரில் வடமாநிலப் (வடவர்) படையினர் இதற்குத் தீ வைத்தனர். சில கட்டடங்களே எஞ்சின. 1990 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 483. ஊருக்கு மேற்கே தரோஃபேர் கணவாய் உள்ளது. 1862 ஆகஸ்டில் தளபதி லாங்ஸ்ட்ரீட்டின் தென்மாநிலப் (தென்னவர்) படை இதன் வழியாகவே மனாசஸ் சென்றது. கணவாயின் வாயில், ஓடைக்கும் மலைச்சரிவுக்கும் இடையே, 18ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட ஒரு கல் மாவு ஆலை பல மாடி உயரத்துக்கு நிற்கிறது. 1998இல் தீக்கிரையான பின்பும் அதன் சுவர்கள் விழவில்லை.

கிழக்கே மனாசஸ் தேசியப் போர்க்களப் பூங்கா உள்ளது. 1861 ஜூலை 21 அன்றும் 1862 ஆகஸ்ட் 28 முதல் 30 வரையும் இங்கு இரு பெரும் போர்கள் நடந்தன. முதற்போரில் ஏறத்தாழ 5,000 பேரும் இரண்டாம் போரில் ஏறத்தாழ 22,000 பேரும் இறந்தனர், காயமுற்றனர், காணாமற்போயினர் அல்லது பிடிபட்டனர். முதற்போரில் படுக்கையிலிருந்த 85 வயதுக் கைம்பெண் ஜூடித் ஹென்றி, தம் வீட்டின்மீது விழுந்த குண்டால் மாண்டார். அவர் வீட்டு முற்றத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார். போர் முடிந்ததும் 1865 ஜூனில் வடவர் படைவீரர்கள் அவ்வீடு இருந்த மேட்டில் எழுப்பிய கல் நினைவுச்சின்னம், உள்நாட்டுப் போருக்கு எழுந்த மிகப் பழைய சின்னங்களுள் ஒன்று.

பூங்காவின் நடுவே இரு நெடுஞ்சாலைகள் வெட்டிக்கொள்ளும் முனையில் ‘கல் வீடு’ எனப்படும் பழைய சத்திரம் நிற்கிறது. இரு போர்களிலும் அது மருத்துவமனையாகப் பயன்பட்டது. நியூயார்க் 5ஆம் படைப்பிரிவைச் சேர்ந்த பிரேம், கியர் என்ற இரு வீரர்கள் காயமுற்று மாடியில் கிடந்தபோது தம் பெயர்களைத் தரைப்பலகையில் கத்தியால் செதுக்கினர். பிரேம் பிழைத்தார், கியர் இறந்துபோனார். எழுத்துகள் இன்றும் உள்ளன. அவ்வீட்டின் சன்னலுக்கு வெளியே நாள்தோறும் லாரிகள் சிக்னலுக்குக் காத்து நிற்கின்றன. பிற்காலத்துப் போராட்டங்களில் சாலைகளே ஏன் மையப் பொருளாயின என்பதை இம்முனை காட்டுகிறது.

முந்தைய எதிர்ப்புகள்

போர்க்களம் 1940இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 1973இல் மேரியட் நிறுவனம் போர்க்களத்தை அடுத்து ஒரு கேளிக்கைப் பூங்கா கட்ட முயன்று பின்வாங்கியது. அதே வகைப் பூங்காக்களை அது 1976இல் கலிபோர்னியாவிலும் இல்லினாயிலும் திறந்தது.

1988இல், இரண்டாம் போரின்போது தென்னவர் தளபதி லீ தங்கியிருந்த ஸ்டூவர்ட் குன்றை உள்ளடக்கிய 542 ஏக்கரில் பேரங்காடி கட்டும் திட்டம் வந்தது. முன்னாள் மரைன் படை வீராங்கனையும் போர்க்களத்தை ஒட்டி மாட்டுப்பண்ணை நடத்தியவருமான ஆனி ஸ்னைடர் எதிர்ப்புக்குத் தலைமை ஏற்றார். அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் அந்நிலத்தைச் சட்டத்தின் மூலம் நேரடியாகக் கையகப்படுத்தியது. அதிபர் ரீகன் அவ்வாண்டு நவம்பரில் கையெழுத்திட்டார். இழப்பீடு 10 கோடி டாலரைத் தாண்டியது. அண்டைநிலத்தை முன்கூட்டிக் காக்காவிட்டால் பின்னர் எவ்வளவு விலை கொடுக்க நேரும் என்பதற்கு இத்தொகை பலராலும் எடுத்துக்காட்டாகக் கூறப்பட்டது.

1990இல் காங்கிரஸ் ஓர் ஆலோசனைக் குழுவை அமைத்தது. நாட்டின் 384 முதன்மைப் போர்க்களங்களை ஆராய்ந்த அக்குழு 1993 கோடையில் அறிக்கை அளித்தது. பல களங்கள் ஏற்கெனவே அழிந்துவிட்டன என்றும் பல அழியும் நிலையில் உள்ளன என்றும் அது எச்சரித்தது. டிஸ்னியின் அறிவிப்பு இதற்குச் சில மாதங்களுக்குப் பின் வந்தது.

பூங்காத் திட்டம்

திட்டத்தின் கரு, டிஸ்னி நிறுவன அதிகாரிகள் 1990களின் தொடக்கத்தில் வில்லியம்ஸ்பர்க் என்ற புதுப்பிக்கப்பட்ட பழைய நகருக்குச் சென்றபோது தோன்றியதாகக் கூறப்படுகிறது. ஹேமார்க்கெட்டைச் சுற்றி ஏறத்தாழ 3,000 ஏக்கரை வாங்கும் உரிமையை நிறுவனம் தன் பெயர் வெளியே தெரியாமல் பெற்றது. இவற்றுள் பெரும்பகுதி எக்ஸான் எண்ணெய் நிறுவனத்தின் நிலவணிகப் பிரிவுக்கு உரியதாக இருந்தது. 1993 நவம்பர் 11 அன்று முறையான அறிவிப்பு வந்தபோது, நிலம் யாருக்காக வாங்கப்பட்டது என்பதை ஊரார் பெரும்பாலோர் அப்போதுதான் அறிந்தனர். இந்த மறைப்பே முதல் மனக்கசப்புக்கு வித்திட்டது எனலாம்.

65 கோடி டாலர் செலவில் 1998இல் பூங்காவைத் திறப்பது நோக்கம். கேளிக்கைப் பகுதி மொத்த நிலத்தில் சிறு பங்கே. மீதியில் 2,000க்கும் மேற்பட்ட வீடுகள், விடுதிகள், கோல்ஃப் மைதானங்கள், அலுவலக, கடை வளாகங்கள் வரவிருந்தன. பூங்காவுக்குள் அமெரிக்க வரலாற்றைக் காலவாரியாகக் காட்டும் ஒன்பது பகுதிகள் திட்டமிடப்பட்டன: 19ஆம் நூற்றாண்டுச் சந்தையூர், பூர்வகுடிச் சிற்றூர், உள்நாட்டுப் போர்க் கோட்டை, எல்லிஸ் தீவின் குடியேற்றக் கூடம், எஃகு ஆலைக்குள் ஓடும் ரோலர் கோஸ்டர், இரண்டாம் உலகப் போர் விமானத்தளம், குடும்பப் பண்ணை முதலியன. செயற்கை ஏரியில் இரவுதோறும் மானிட்டர், மெரிமாக் என்ற இரும்புக் கப்பல்களின் சண்டையை நடத்திக் காட்டவும் எண்ணினர்.

போர் நடந்த மண்ணில் பூங்கா அமையவில்லை என்பது டிஸ்னி தரப்பின் வலுவான வாதம். போர்க்களத்துக்கும் பூங்காவுக்கும் இடைப்பட்ட தொலைவு, அளக்கும் முறைக்கேற்ப 3.5 மைல் என்றும் 5 மைல் என்றும் கூறப்பட்டது.

ஆதரவு

ஹேமார்க்கெட் அடங்கிய பிரின்ஸ் வில்லியம் கவுண்டியின் (மாவட்டத்தின்) மக்கள் பெரும்பாலும் வேலைக்காக வாஷிங்டன் பக்கம் காரில் சென்றுவருபவர்கள். வீட்டுவரியையே நம்பியிருந்த கவுண்டி நிர்வாகம் வணிக வரி வருவாயைத் தேடியது. திறக்கும்போது 3,000 வேலைகள் என்றும், நாளடைவில் மறைமுகமானவற்றையும் சேர்த்து ஏறத்தாழ 19,000 என்றும் ஆதரவாளர்கள் கணக்குச் சொன்னார்கள். புதிதாகத் தேர்வான ஆளுநர் ஜார்ஜ் ஆலன் திட்டத்தை முன்னின்று நடத்தினார். 1994 மார்ச்சில் மாநிலச் சட்டமன்றம் சாலைகள் உள்ளிட்டவற்றுக்கு 16.3 கோடி டாலர் உதவியை ஏற்றது. எதிர்ப்பாளர்கள் தோற்றுவிட்டார்கள் என்றே அப்போது பரவலாகக் கருதப்பட்டது.

எதிர்ப்பின் வளர்ச்சி

முதலில் எழுந்தவர்கள் அருகில் குடியிருந்தோரும் 1972இல் தொடங்கப்பட்ட பீட்மான்ட் சுற்றுச்சூழல் மன்றமும். போக்குவரத்து நெரிசல், காற்று மாசு, தண்ணீர், பூங்காவைத் தொடர்ந்து வரும் கட்டுப்பாடற்ற கட்டுமானம் ஆகியவை அவர்களின் கவலைகள். வாஷிங்டன் வட்டாரம் ஏற்கெனவே ஓசோன் மாசு வரம்பை மீறியிருந்ததால், காற்றுத் தூய்மைச் சட்டம் அவர்களுக்கு வலுவான கருவியாயிற்று. பூங்காவே கூடாது என்று மன்றம் சொல்லவில்லை. வாஷிங்டன் வட்டாரத்தில் மாற்று இடங்களைப் பட்டியலிட்டு, வேறிடம் பாருங்கள் என்றது.

மன்றத்துக்குப் பின்னால் குதிரைப்பண்ணைகளும் பெருநிலங்களும் உடைய செல்வந்தர்கள் இருந்தனர். வேலை தேடும் எளிய மக்களின் வாய்ப்பைச் செல்வந்தர் தம் காட்சியழகுக்காகப் பறிக்கிறார்கள் என்ற குற்றச்சாட்டு இதனால் எழுந்தது. அதில் ஓரளவு உண்மை உண்டு. எனினும் கூட்டங்களுக்கு வந்து இரவு நெடுநேரம் வரை பேசியவர்களில் சாதாரண வீட்டுக்காரர்களும் நிறையப் பேர் என்பதை மறந்துவிட முடியாது.

1994 மே மாதத்தில் இயக்கத்தின் முகம் மாறியது. வரலாற்றுப் பாதுகாப்புக்கான தேசிய அறக்கட்டளையின் தலைவர் ரிச்சர்ட் மோ, அருகில் வாழ்ந்த பத்திரிகையாளர் நிக் காட்ஸ் ஆகியோரின் முயற்சியால் ‘வரலாற்று அமெரிக்காவைக் காப்போம்’ என்ற குழு உருவாயிற்று. டேவிட் மெக்கல்லோ, ஜேம்ஸ் மெக்பெர்சன், சி. வான் உட்வர்ட், ஜான் ஹோப் ஃபிராங்க்ளின், ஷெல்பி ஃபூட் போன்றோர் இதில் இணைந்தனர். 1990இல் கென் பர்ன்ஸ் எடுத்த உள்நாட்டுப் போர் ஆவணத்தொடரின் வழியாக மெக்கல்லோவின் குரலையும் ஃபூட்டின் முகத்தையும் நாடே அறிந்திருந்தது. தம்முள் பலவகையில் மாறுபட்ட இவர்கள் இவ்வாறு ஒன்றுசேர்வது அதற்குமுன் அரிதாகவே நடந்தது.

இவர்கள் முன்வைத்த வாதம் எளியது. மனாசஸ் தனித்த ஒரு வயல் அன்று; முன்னாள் அதிபர் ஜெஃபர்சனின் இல்லமான மான்டிசெல்லோ முதல் கெட்டிஸ்பர்க் போர்க்களம் வரை நீளும் நிலப்பரப்பின் ஒரு கண்ணி. பூங்காவின் சுவர் போர்க்களத்தைத் தொடாவிட்டாலும் அதன் சாலைகளும் கடைகளும் தொடும். நடந்த இடத்திலேயே நின்று உணரக்கூடிய வரலாறு அருகில் இருக்கும்போது, அதன் போலியைக் கட்ட அந்த உண்மை இடத்தின் சூழலையே பலியிடலாகாது. இவ்வாதத்துக்கு டிஸ்னியிடம் நிறைவான விடை கடைசிவரை இருந்ததாகத் தெரியவில்லை.

அடிமை முறை பற்றிய விவாதம்

பூங்காவின் வடிவமைப்புக்குப் பொறுப்பேற்ற பாப் வைஸ், அடிமையாக இருப்பது எப்படி, தப்பியோடுவது எப்படி என்பதைப் பார்வையாளர் உணரச் செய்வோம் என்ற பொருளில் பேசினார். இது கடும் எதிர்வினையை எழுப்பியது. வர்ஜீனியாவில் பிறந்த நாவலாசிரியர் வில்லியம் ஸ்டைரன் 1994 ஆகஸ்டில் நியூயார்க் டைம்ஸில் எழுதிய கட்டுரையில், அக்கொடுமையைக் கேளிக்கைச் சாதனத்தால் காட்டவே இயலாது என்று மறுத்தார். மறுபுறம், எரிக் ஃபோனர், ஜேம்ஸ் ஹார்ட்டன் ஆகிய வரலாற்றாசிரியர்கள் நிறுவனத்துக்கு ஆலோசனை அளித்தனர். கோடிக்கணக்கானோர் செல்லும் இடத்தில் சரியான வரலாறு சொல்லப்பட வேண்டும் என்பது இத்தரப்பின் நிலை. இரண்டில் எது சரி என்பதில் இன்றும் ஒருமித்த கருத்து இல்லை.

நிறுவனத் தலைவர் மைக்கேல் ஐஸ்னர், திட்டத்தை எதிர்த்த வரலாற்றாசிரியர்களின் எழுத்தைப் பள்ளியில் படித்தும் தாம் ஒன்றும் கற்கவில்லை எனும் பொருளில் செய்தியாளர்களிடம் கூறினார். அது எதிர்ப்புக்கே வலுச் சேர்த்தது.

செனட் விசாரணையும் கைவிடலும்

1994 ஜூன் 21 அன்று செனட்டின் பொதுநில, தேசியப் பூங்காக்கள் துணைக்குழு, டேல் பம்பர்ஸ் தலைமையில் விசாரணை நடத்தியது. மெக்பெர்சன் சாட்சியமளித்தார். நிலப்பயன்பாடு மாநிலத்தின் அதிகாரம், இதில் கூட்டாட்சிக்கு வேலை இல்லை என்று சில உறுப்பினர்கள் வாதிட்டனர். செப்டம்பர் 17 அன்று வாஷிங்டனில் சில ஆயிரம் பேர் ஊர்வலம் சென்றனர். கவுண்டி அளவில் திட்டம் ஒப்புதலை நெருங்கிக்கொண்டிருந்த நிலையில், செப்டம்பர் 28 அன்று டிஸ்னி ஹேமார்க்கெட்டைக் கைவிடுவதாக அறிவித்தது. வர்ஜீனியாவிலேயே வேறிடம் பார்ப்பதாகச் சொன்னது, அது நடக்கவில்லை.

பின்வாங்கியதன் காரணம் குறித்துக் கருத்து வேறுபாடு உண்டு. வரலாற்றாசிரியர்களின் குரலால் நிறுவனத்தின் நற்பெயர் குலைந்ததே முதற்காரணம் என்பது எதிர்ப்பாளர் தரப்பு. பாரிஸ் அருகே 1992இல் திறந்த பூங்காவின் பெருநட்டம், 1994 ஏப்ரலில் ஹெலிகாப்டர் விபத்தில் இறந்த நிறுவன உயர் அதிகாரி ஃபிராங்க் வெல்ஸின் இழப்பு, ஜூலையில் ஐஸ்னருக்கு நடந்த இதய அறுவைச் சிகிச்சை ஆகியவற்றை வேறு சிலர் முன்னிறுத்துகின்றனர். வழக்குகளால் ஆண்டுக்கணக்கில் தாமதம் நேரும் என்ற அச்சமும் கூறப்படுகிறது. இவை அனைத்தும் சேர்ந்தே முடிவைத் தீர்மானித்திருக்கலாம்.

பின்விளைவுகள்

பூங்காவுக்காகத் தீட்டிய சில எண்ணங்கள் 2001இல் கலிபோர்னியாவில் திறந்த டிஸ்னி பூங்காவில் இடம்பெற்றதாகக் கூறுவர். ஹேமார்க்கெட் நிலம் விளைநிலமாகத் தொடரவில்லை. பெரும்பகுதி வீட்டு வளாகங்களாகவும் கோல்ஃப் மைதானங்களாகவும் மாறியது, ஒரு பகுதி சாரணர் முகாமாயிற்று. எதிர்ப்பாளர்கள் அஞ்சிய நெரிசல் பூங்கா இல்லாமலே வந்துவிட்டது என்று ஆதரவாளர்கள் சுட்டுவதில் நியாயம் உண்டு.

2008இல் காங்கிரஸ், கெட்டிஸ்பர்க் முதல் மான்டிசெல்லோ வரையிலான ஏறத்தாழ 180 மைல் பரப்பைத் தேசிய மரபுப் பகுதியாக அறிவித்தது. 1994இல் எதிர்ப்பாளர்கள் வரைந்து காட்டிய அதே நிலப்பரப்பு இது. 2011இல் வால்மார்ட், வில்டர்னஸ் போர்க்களத்தின் அருகே கட்டவிருந்த கடையைக் கைவிட்டது. அங்கும் மெக்பெர்சன் உள்ளிட்ட வரலாற்றாசிரியர்கள் எதிர்த்திருந்தனர்.

அண்மைக்காலத்தில், போர்க்களத்தின் மேற்கு எல்லையை ஒட்டிய பேஜ்லேண்ட் சாலையில் ஏறத்தாழ 2,100 ஏக்கரில் தரவு மையங்கள் அமைக்க நில உரிமையாளர்கள் பலரே முன்வந்தனர். கவுண்டி மேற்பார்வையாளர் குழு, ஒரு நாளுக்கும் மேல் நீடித்த கூட்டத்துக்குப் பின் 2023 டிசம்பரில் இதற்கு ஒப்புதல் வழங்கியது. பொது அறிவிப்பில் இருந்த குறைபாட்டைக் காட்டி 2025 ஆகஸ்டில் நீதிமன்றம் அவ்வொப்புதலைச் செல்லாததாக்கியது. தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்யப்பட்டது.